பெரிய கோயிலைக் கட்டியது யார் என்றே மறந்துபோன காலம்: ராஜராஜ சோழன் 'மாமன்னன்' ஆனது எப்படி?

தஞ்சாவூர் பெரிய கோயில் வாசலில் நின்று, "இதைக் கட்டினது யாரு?" என்று சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். ராஜராஜ சோழன்!

இதே கேள்வியை 150 ஆண்டுகளுக்கு முன்பு அதே வாசலில் கேட்டிருந்தால்? பெரும்பாலும் "கரிகால் சோழன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். கரிகாலனுக்கு வந்த தோல் நோய் தீர்ந்ததால் கட்டிய கோயில் என்று தலபுராணமே கதை சொல்கிறது. ராஜராஜன் பெயர் அந்தக் கதையில் கிடையாது.

216 அடி உயர விமானத்தைக் கட்டியவரின் பெயரே ஊருக்கு மறந்துபோயிருந்தது என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் நடந்தது அதுதான். அப்படியானால், ஒருவரை வரலாறு 'மாமன்னன்' என்று நினைவில் வைத்துக்கொள்ள அவர் செய்த சாதனை மட்டும் போதாதா? வேறு என்னதான் வேண்டும்?

யார் கண்டுபிடித்தது?

1886-ம் ஆண்டு சென்னை மாகாண அரசின் கல்வெட்டு ஆய்வாளராக நியமிக்கப்பட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹூல்ஷ். அவரும் அவரோடு வேலை பார்த்த தமிழறிஞர்களும் பெரிய கோயில் சுவர்களில் இருந்த எழுத்துகளைப் படியெடுத்துப் படித்தார்கள். 1890-களில் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளாக அவை அச்சேறத் தொடங்கின. இந்தக் கற்கோயிலை எடுப்பித்தது நான்தான் என்று ராஜராஜனே அதில் சொல்லியிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்துகள் எங்கேயும் புதைந்து கிடக்கவில்லை. தினமும் பக்தர்கள் சுற்றி வந்த அதே சுவரில், கை எட்டும் உயரத்தில்தான் இருந்தன. 11-ம் நூற்றாண்டு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

பெயர் மாற்றமும் ஒரு காரணம். ராஜராஜன் கோயிலுக்கு வைத்த பெயர் 'ராஜராஜேஸ்வரம்'. அந்தப் பெயரே புழக்கத்தில் இருந்திருந்தால் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள். பிற்காலத்தில் அது பெருவுடையார் கோயில் ஆனது, பிரகதீஸ்வரர் கோயில் ஆனது. கட்டியவரின் பெயர் கோயில் பெயரிலிருந்து கழன்று விழுந்துவிட்டது.

இன்னொரு சுவாரசியமான தகவலும் உண்டு. 'ராஜராஜேஸ்வர நாடகம்' என்று ஒரு நாடகம் இந்தக் கோயிலின் வைகாசித் திருவிழாவில் நடந்திருக்கிறது. ராஜராஜனின் பேரன் காலத்தில் அதை ஆடிய கலைஞருக்கு ஆண்டுதோறும் நெல் கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. நாடகம் மன்னனைப் பற்றியதா, கோயில் எழுந்த கதையா? சொல்ல வழியில்லை. ஏனென்றால் நாடகம் காணாமல் போய்விட்டது. அதற்குக் கூலி கொடுத்த கணக்கு மட்டும் கல்லில் இருக்கிறது!

கல்லில் அப்படி என்னதான் எழுதினார்?

இங்கேதான் ராஜராஜன் மற்ற மன்னர்களிடமிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறார்.

அவருக்கு முந்தைய சோழர் கல்வெட்டுகளில் மன்னரைப் பற்றி ஒரு பட்டப்பெயர் இருக்கும். மதுரையை வென்றவர், இன்னாரின் தலையைக் கொண்டவர் என்பது மாதிரி. அதோடு விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். ராஜராஜன் தன் 8-ம் ஆட்சியாண்டு வாக்கில் புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். தன் வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் ஒரு பாடல் போன்ற முகவுரை. இதற்கு 'மெய்க்கீர்த்தி' என்று பெயர். காந்தளூர்ச்சாலை, வேங்கைநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, கொல்லம், கலிங்கம், ஈழம் என்று ஆண்டு போகப் போக பட்டியல் நீளும். கடைசி ஆண்டுகளில் கடல் நடுவே உள்ள பழந்தீவுகளும் சேர்ந்துகொண்டன.

இந்த முகவுரை தலைநகரத்தில் மட்டும் இல்லை. ஏதோ ஒரு கிராமத்தில் ஒருவர் கோயில் விளக்கு எரிய 96 ஆடு கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்தக் கல்வெட்டின் தொடக்கத்திலும் மன்னரின் வெற்றிப் பட்டியல் வரும். அதற்குப் பிறகுதான் ஆட்டுக் கணக்கு. நாடு முழுக்க ஒரே செய்தி, ஒரே வாசகம், அதுவும் அவ்வப்போது 'அப்டேட்' செய்யப்பட்ட வாசகம்! இதை விளம்பரம் என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் 1000 ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் கல்வெட்டுகளைக் காலவரிசைப்படுத்த முடிந்ததற்கு இந்த விளம்பரமே பெரிய உதவி.

சரி, தன் புகழைத் தானே எழுதிக்கொள்ளாத மன்னர் யார்? உண்மையான வித்தியாசம் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது.

தனது 26-ம் ஆட்சியாண்டில் ராஜராஜன் ஒரு உத்தரவு போடுகிறார். கோயிலுக்கு நான் கொடுத்தது, என் அக்கா கொடுத்தது, என் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டுங்கள் என்பது உத்தரவின் சாரம். வரிசையைக் கவனித்தீர்களா? தனக்கு அடுத்து அக்கா குந்தவை. அரசிகள் அதற்குப் பிறகுதான்.

அந்த 'மற்றவர்கள்' யார் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். படைத்தலைவர்கள், அதிகாரிகள், படைப்பிரிவுகள், வணிகர்கள்... பட்டியல் நீள்கிறது. கோயிலை எழுப்பிய தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். நாவிதருக்கும் 'ராஜராஜப் பெருநாவிதன்' என்று அரசர் பெயரோடு பட்டம். உலகின் எத்தனையோ பெரிய கட்டடங்களின் சிற்பி யார் என்று தெரியாது. இங்கே முடிவெட்டியவர் வரைக்கும் தெரியும்!

உச்சம் எது தெரியுமா? ஆடலுக்கும் பாடலுக்கும் கோயிலில் அமர்த்தப்பட்ட 400 பெண்களின் பட்டியல். கல்வெட்டு இவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்கிறது. சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதுவரை பதிவாகியிருக்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் விளைச்சலான 100 கலம் நெல். அளக்கும் மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்று பெயர் உண்டு. அந்தப் பெண் இறந்துவிட்டாலோ வேறு தேசம் போய்விட்டாலோ பங்கு யாருக்குப் போகும் என்பதற்கும் விதி எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கோயிலின் சம்பளப் பட்டியல் இது. இன்று பெரிய கோயிலின் உயரத்தைப் பார்த்து வியப்பவர்கள்தான் அதிகம். வரலாற்று ஆய்வாளர்களைக் கேட்டால், இந்தச் சம்பளப் பட்டியலுக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள்.

அப்பாவா, பிள்ளையா?

சமூக வலைதளங்களில் ஓயாத சண்டை இது. ராஜராஜன் பெரியவரா, ராஜேந்திரன் பெரியவரா?

நிலப்பரப்பையும் போர் வெற்றியையும் மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் மகன்தான் ஜெயிப்பார். கங்கை வரை படை அனுப்பியவர். 1025-ல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் கடாரம் வரை கடற்படையை அனுப்பியவர். கங்கைகொண்ட சோழபுரம் என்று புதுத் தலைநகரமே உருவாக்கி, சோழகங்கம் என்ற பிரம்மாண்டமான ஏரியையும் வெட்டியவர். சுமார் 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகரமாக இருந்த ஊர் அது.

ஆனால் அந்த ஊருக்கு என்ன ஆனது? சோழர் ஆட்சி முடிந்ததும் நகரம் அழிந்தது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் இன்று மிஞ்சியிருப்பது செங்கல் அடித்தளங்கள்தான். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரம் கோயில் கற்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். எழுத்துள்ள கற்களும் அதில் போயிருக்கும்.

தஞ்சாவூர் கதை வேறு. சோழர்களுக்குப் பிறகு நாயக்கர்கள், மராட்டியர்கள் என்று அடுத்தடுத்து அரசுகள் அங்கே இருந்தன. கோயில் வழிபாட்டிலும் பராமரிப்பிலும் இருந்தது. ஊர் பிழைத்தது, அதனால் சுவர் பிழைத்தது. யுனெஸ்கோ பட்டியலிலும் பாருங்கள்: பெரிய கோயில் 1987-லேயே இடம்பெற்றுவிட்டது. கங்கைகொண்ட சோழபுரம் 2004-ல்தான் சேர்ந்தது.

அதாவது மகன் தோற்றது போர்க்களத்தில் இல்லை. அவருடைய ஊர் தாக்குப்பிடிக்கவில்லை. இதில் ராஜேந்திரன் செய்த தப்பு என்று எதைச் சொல்ல முடியும்?

இவர்களாவது பரவாயில்லை. முதலாம் குலோத்துங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 1070-ல் பட்டத்துக்கு வந்து ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆண்டவர். சுங்கவரியை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றவர். சாதாரண ஜனங்களின் பையைத் தொட்ட சாதனை அது. ஆனால் டாப் சோழ மன்னர்கள் என்று யூடியூபில் போடுகிற வீடியோக்களில் அவருக்கு எத்தனை விநாடி கிடைக்கிறது? வரி நீக்கியதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்க முடியாதே!

கல்கி செய்த மாயம்

ஹூல்ஷ் படித்தது அறிஞர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1930-களில் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி எழுதிய 'சோழர்கள்' நூல் அந்தக் கல்வெட்டுகளை ஒரு முழு வரலாறாகக் கோத்தது. 1931-ல் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டறையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். ஆனாலும் திண்ணையிலும் டீக்கடையிலும் ராஜராஜனைப் பற்றிப் பேச்சு இல்லை.

அந்த வேலையைச் செய்தது ஒரு வாரப் பத்திரிகை. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் வந்தது. மணியம் வரைந்த படங்கள் வேறு. தபால்காரர் வரும் நாளில் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை நடந்த தலைமுறை அது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நாவலில் ராஜராஜன் ஆட்சிக்கே வருவதில்லை! அருள்மொழிவர்மன் என்ற இளவரசராகத்தான் வருகிறார். பெரிய கோயில் கிடையாது, மெய்க்கீர்த்தி கிடையாது. முடிவில் தனக்கு வந்த கிரீடத்தைத் தூக்கி உத்தம சோழருக்குச் சூட்டிவிடுகிறார். வாசகர் மனதில் அவர் உயர்ந்து நின்றது எதையும் வென்றதால் அல்ல, கையில் கிடைத்ததை விட்டுக்கொடுத்ததால். உத்தம சோழர் 985 வரை ஆண்டார், அதன் பிறகே ராஜராஜன் வந்தார் என்பது வரலாறு. அந்த இடைவெளியைக் கல்கி ஒரு தியாகத்தால் நிரப்பினார்.

வந்தியத்தேவன் விஷயம் இன்னும் விசேஷம். பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக அவர் பெயர் வருகிறது. கிட்டத்தட்ட ஒரு வரிச் செய்திதான். அந்த ஒரு வரியிலிருந்து குறும்பும் துணிச்சலும் வாய்த்துடுக்கும் உள்ள ஒரு இளைஞனைக் கல்கி உருவாக்கினார். நந்தினியும் பூங்குழலியும் முழுக்கக் கற்பனை. ஆனால் இன்று பூங்குழலி என்று பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கிறவர்கள் அவள் வரலாற்றில் இருந்தாளா என்று யோசிப்பதே இல்லை.

ராஜேந்திரனுக்கும் நாவல் இருந்தது. அகிலன் எழுதிய 'வேங்கையின் மைந்தன்' 1963-ல் சாகித்திய அகாதமி விருதே வாங்கியது. நல்ல நாவல்தான். ஆனால் இந்தப் போட்டியில் கல்கியை முந்த முடியவில்லை.

அரசும் சினிமாவும் அரசியலும்

'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்த அதே 1954-ல் இன்னொன்றும் நடந்தது. சுதந்திர இந்தியா வெளியிட்ட 1000 ரூபாய் நோட்டில் தஞ்சை பெரிய கோயில் அச்சானது. 1978-ல் அந்த நோட்டு செல்லாததாகும் வரை அந்தப் படம் இருந்தது. 1973-ல் சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்' வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். 2010-ல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு அரசு விழாவானது. 2022, 2023-ல் மணிரத்னத்தின் இரண்டு படங்கள். ஐப்பசி சதயத்தில் ராஜராஜனுக்கு விழா எடுக்கிற அரசு, ஆடித் திருவாதிரையில் ராஜேந்திரனுக்கும் எடுக்கிறது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரம் விழாவுக்குப் பிரதமரே வந்தார்.

ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு ராஜராஜன் தேவைப்படுகிறார். தமிழ்ப் பெருமை பேசுபவர்களுக்கு ஒருவர், சைவர்களுக்கு ஒருவர், இந்து அடையாளம் பேசுபவர்களுக்கு ஒருவர், கடற்படைப் பெருமைக்கு இன்னொருவர். 2022-ல் படம் வந்த நேரத்தில் "ராஜராஜன் இந்துவா, சைவரா?" என்று நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். இதே மன்னர் காலத்தில்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாய் கொடுக்கப்பட்டது. அந்தத் தகவல் அந்தச் சண்டையில் அதிகம் எடுபடவில்லை.

எல்லோருக்கும் அவர் மாமன்னரா?

இல்லை. பாக் நீரிணையைத் தாண்டினால் கதை மாறிவிடும்.

ராஜராஜனின் படை இலங்கையின் வடபகுதியைப் பிடித்தபோது பல நூற்றாண்டுத் தலைநகரமான அனுராதபுரம் அழிந்தது. பொலன்னறுவை சோழர்களின் தலைநகரமானது. ஈழத்துக் கிராமங்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைக் கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டதைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. அந்த மண்ணின் சிங்கள வரலாற்றில் மாவீரன் என்று கொண்டாடப்படுவது 1070-ல் சோழர்களை வெளியேற்றிய விஜயபாகு. நமக்கு வெற்றிப் பட்டியலில் ஒரு சொல். அவர்களுக்குத் தலைநகரம் பறிபோன நாள்.

உள்ளூரிலும் கேள்விகள் இருக்கின்றன. நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இயக்குநர் பா.ரஞ்சித் 2019-ல் பேசியபோது அவர் மீது வழக்கே பதிவானது. நில உரிமை பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் ஓயவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி இல்லாத இடங்களைப் பட்டியலிடும்போது கல்வெட்டு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. அந்த 400 பெண்களும் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லவில்லை, கொண்டுவந்ததாகத்தான் சொல்கிறது. ராஜராஜனைப் புகழ்பவர்களும் விமர்சிப்பவர்களும் ஆதாரம் தேடிப் போவது ஒரே சுவருக்குத்தான். எதையும் எழுதி வைக்காத மன்னர்களுக்கு இந்த விமர்சனத் தொல்லையும் கிடையாது, இந்தப் புகழும் கிடையாது.

நிழல் விழாத கோபுரம்?

"பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. சாயங்காலம் போய்ப் பாருங்கள், நன்றாகவே விழும். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பதையும் ஆய்வாளர்கள் ஏற்பதில்லை; பல கற்களை இணைத்து அமைத்தது அது. பொய்யான அதிசயங்கள் மேலே பார்க்க வைக்கின்றன. கீழே, அடித்தளத்தில் கண் மட்டத்தில் இருக்கும் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டுக் கோயில்களில் இப்படி எத்தனையோ சுவர்கள் இருக்கின்றன. படியெடுத்த தமிழ்க் கல்வெட்டுகளில் அச்சேறாதவை ஆயிரக்கணக்கில் உண்டு. மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு நடந்து எழுத்துகள் மழுங்கிய கோயில்கள் உண்டு. சுண்ணாம்பும் பெயின்ட்டும் டைல்ஸும் மூடிய சுவர்களும் உண்டு. அதில் எந்தச் சுவரில் எந்த ஊர்ப் பெண்ணின் பெயரோ, தச்சரின் பெயரோ இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

உங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேக வேலை தொடங்குகிறது, சுவரில் எழுத்து தெரிகிறது என்றால், முதலில் போட்டோ எடுங்கள். பக்கவாட்டில் வெயில் விழும் காலை அல்லது மாலை நேரத்தில் எடுத்தால் எழுத்து தெளிவாக வரும். மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே அறநிலையத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்து மூலமாகத் தகவல் சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து படியெடுக்கும் வரைக்கும் பெயின்ட் காத்திருக்கட்டும்.